சிலுவை போட்ட பைகள்

"மிச்சத் துணி எங்கய்யா?"

கம்பளை பஜாரில், ஒரு தையல்கடை வாசலில் அம்மா போட்ட சத்தம் அது. அப்போது ஷெரோனுக்கு ஆறு வயது. இன்றைக்கும் கத்தரிக்கோலைப் பார்த்தால் அந்தச் சத்தம்தான் காதில் விழும்.

பௌர்ணமிப் போயா லீவில் மாமியார் மேபலின் தையல் சாமான்களை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தவளுக்கு, மேசையின் மூன்றாவது லாச்சியை இழுத்துத் திறந்ததும் அதே சத்தம் கேட்டது.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பட்டன்கள் ஜாம் போத்தலுக்குள், ஹூக்குகள் ஐஸ்கிறீம் டப்பாவுக்குள், நூல்கட்டைகள் நிறம் நிறமாகச் சப்பாத்துப் பெட்டிக்குள். மூன்றாவது லாச்சி நிறைய ஷொப்பிங் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுத் துணி. மேலே பென்சிலில் ஒரு பெயர், பக்கத்தில் சிலுவை.

நல்லம்மா, இரண்டு சிலுவை. அஷ்வினி, ஒன்று. லோஜினி டீச்சர், நான்கு.

"மாமி! ஊர்ச் சனத்துட மிச்சத் துணியெல்லாம் இங்கதான் இருக்கு!"

மேபல் மிசினை விட்டு எழுந்து ஓடிவந்தாள்.

"அந்த லாச்சிய மூடுங்க மகள்."

"திருடின துணிக்குச் சிலுவை வேறயா? மாதா மன்னிப்பாங்கன்ற நினைப்பா?"

"மூடுங்க மகள், கெஞ்சிக் கேக்குறேன்."

"மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சதும் பேரைக் கூப்பிட்டு அவங்கவங்க கையில குடுக்கப் போறேன்."

"ஐயோ, மானம் போயிரும்!"

"போகட்டும். உங்க மானம்தானே!"

மேபல் லாச்சியைத் தள்ளி மூடப் பார்த்தாள். அதற்குள் வாசலில் குரல்.

"மேபல் அக்கா, பிளவுஸ் ரெடியா?" என்று கேட்டுக்கொண்டே லோஜினி டீச்சர் படியேறி வந்தார். டீச்சரின் மகளுக்கு நிச்சயதார்த்தம்; அன்றைக்கு உடுத்தத்தான் அது. வந்ததும் ஷெரோனைப் பிடித்துக்கொண்டார்.

"இருபத்தாறு வருஷமாச்சு, ஷெரோன். என்ட கலியாண பிளவுஸ். இன்னைக்கும் அப்படியே ஏறுது. ஹூக் மட்டும்தான் அப்பப்ப மாத்துறது. ஸ்கூல்ல எல்லாருக்கும் பொறாமை!"

'இப்பவே குடுத்திர்றேன்' என்று ஒரு கையில் டீச்சரின் பையையும் மறு கையில் மிசின் மேல் கிடந்த பிளவுஸையும் எடுத்தாள் ஷெரோன். லைனிங் ஒரு பக்கம் இன்னும் மூடவில்லை. உள்ளே, அக்குளுக்குக் கீழே, பையிலிருந்த அதே அரக்குப் பட்டில் ஒன்றை ஒட்டி ஒன்றாக ஒட்டுப் பட்டிகள். எண்ணினாள். ஐந்து. கடைசிப் பட்டியின் நூல் புத்தம் புதிது.

பையைப் பார்த்தாள். நான்கு.

அது சிலுவையே இல்லை. கூட்டல் குறி. ஒவ்வொன்றும் பிளவுஸில் கூட்டிய ஓர் அங்குலம்.

ஷெரோன் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். டீச்சரின் கண் அதைவிட வேகம்.

"அதில என்ட பேர் இருக்கே?"

"அது... மாமி செபம் பண்றவங்கட பேரு, டீச்சர். ஒரு செபத்துக்கு ஒரு சிலுவை."

மேபலுக்கு இருமல் வந்தது.

டீச்சரின் கண் கலங்கிவிட்டது. "நான் கதிரேசன் கோயிலுக்குப் போற ஆளு. எனக்காக மாதாகிட்ட நாலு தரமா! அக்கா, மகள் நல்லா வாழணும், இன்னும் ஒண்ணு போடுங்க."

"போடத்தான் வேணும் டீச்சர்," என்று பென்சிலைத் தேடி எடுத்து, பக்தியோடு ஐந்தாவதைப் போட்டாள் மேபல். லைனிங்கையும் இரண்டு நிமிடத்தில் மூடிக் கொடுத்தாள்.

"எவ்வளவு அக்கா?"

"ஹூக் ரெண்டுதானே மாத்தினேன். போயிட்டு வாங்க."

கேட் சாத்தப்பட்டதுதான் தாமதம், இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். ஜாம் போத்தல் உருண்டு பட்டன்கள் எல்லாம் கட்டிலுக்கடியில் ஓடின.

"பாவம் மாமி, டீச்சர்!" ஷெரோன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னைப் பாருங்க. கலியாணமாகி ஏழு வருஷம், ரெண்டு புள்ள. கூறைச் சேலை பிளவுஸ் இன்னும் அப்படியே..."

சொல்லிக்கொண்டே பைகளைத் திரும்ப அடுக்கியவளின் கை லாச்சியின் அடியில் நின்றது. ரோஸ் நிறப் பட்டு. அவளுடைய கூறைச் சேலையின் ரோஸ்.

ஷெரோன். மூன்று சிலுவை.

"மாமி! போன நத்தார் பூசைக்கு நீங்க என்ட பிளவுஸ்ல என்ன மாத்தினீங்க?"

"ஹூக்தான் மகள்," என்றாள் மேபல், கட்டிலுக்கடியில் பட்டன் பொறுக்கியபடி.

அடுத்த வருஷம் மேபலுக்கு ஊசி கோக்கக் கண் தெரியாமல் போயிற்று. டீச்சரின் ஆறாவது சிலுவையைப் போட்டது ஷெரோன்.