வயசுக்குச் சாட்சி

“வயசு இன்னா?”

கேட்டவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. லஸ் முனை மருந்துக் கடையில் விற்பனைக்கு நிற்கும் குமாரசாமி. நெற்றி நிறைய விபூதி. கையிலிருந்த பஞ்சுச் சுருளை மடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தான்.

“இருபத்திரண்டு” என்றாள் அல்போன்சா. “ஒரு புட்டி ஸ்பிரிட்டுதானே கேட்டேன்? டாக்டர் சீட்டு இதோ இருக்கு. காசு இதோ இருக்கு. வயசு எதுக்கு?”

மதுவிலக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கள்ளும் சாராயமும் போனதும், உடம்பில் தடவுகிற ஸ்பிரிட்டில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். அதனால் இருபத்தொரு வயது ஆகாத யாருக்கும் ஸ்பிரிட் கிடையாது என்று முதலாளி தாண்டவராயன் தன் கடைக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். சட்டம் என்னவோ எல்லாருக்கும்தான். கேள்வி மட்டும் கழுத்தில் சிலுவை தொங்கினால் வரும், தலையில் குல்லா இருந்தால் வரும்.

“பாத்தா பதினெட்டுகூட சொல்ல முடியாது” என்றார் தாண்டவராயன், நாற்காலியை விட்டு அசையாமல். “இன்னாம்மா, சாந்தோமா?”

“ஆமா.”

“அதானே பாத்தேன். அப்பனுக்கா, அண்ணனுக்கா? கோயில்லயே ஒயின் ஊத்திப் பழக்கறாங்க. அப்புறம் நாக்கு சும்மா இருக்குமா?”

“கோயில்ல ஒயின் குடிக்கிறது சாமியார் மட்டும்தான். எங்களுக்கு அப்பம்தான். தெரியாததைப் பேசாதீங்க.” அவள் முகம் சிவந்துவிட்டது. “எங்கம்மாவுக்குக் கேக்கறேன். மூணு மாசமா படுத்த படுக்கை. முதுகுத் தோலெல்லாம் செவந்து கிடக்குது. தினம் ஸ்பிரிட் தடவலேன்னா புண்ணு வெச்சு உள்ள இறங்கிடும்னு டாக்டர் சொல்றார். ரெண்டு கடை ஏறி இறங்கிட்டேன். இந்தக் கடைக்கு வரவே கூடாதுன்னுதான் இருந்தேன். வேற வழியில்லாம வந்து நிக்கறேன்.”

குமாரசாமியின் கையில் பஞ்சு நின்றது. முதலாளி தொண்டையைக் கனைத்தார். பஞ்சு மறுபடி மடியத் தொடங்கியது.

அப்போது மீசை சரியாக அரும்பாத ஒரு காலேஜ் பிள்ளை உள்ளே வந்தான். பளிச்சென்று சந்தனப் பொட்டு. வாயில் கிராம்பு வாசனை.

“ரெண்டு புட்டி ஸ்பிரிட்.”

“வாங்க, வாங்க. வக்கீல் வீட்டுப் பிள்ளையா? அப்பா சௌக்கியமா?” முதலாளியே எழுந்து எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். சீட்டு இல்லை, கேள்வி இல்லை. பிள்ளை போய்விட்டான்.

அல்போன்சாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“அவருக்கு வயசு கேக்கலியே?”

“அது நல்ல குடும்பத்துப் புள்ள.”

“நாங்க?”

முதலாளி குமாரசாமி பக்கம் திரும்பினார். “குமாரு! வயசுக்குச் சாட்சி இன்னா கீதுன்னு கேளு. வழக்கமா கேக்கறாப்பல கேளு.”

“வயசுக்குச் சாட்சி... இன்னா கீது?” குமாரசாமி பஞ்சைப் பார்த்தே கேட்டான்.

அவ்வளவுதான். அவள் மேஜையை ஓங்கி அறைந்தாள்.

“சாட்சியா? எங்கம்மாவை வந்து கேளு! எந்த நாள், எந்த நேரம்னு எல்லாம் சொல்லுவாங்க. யாராவது வரமாட்டாங்களான்னு வாசலையே பாத்துக்கினு கிடக்கறாங்க. வந்து கேளேன்! உன்னைப் பெத்தவ இப்படிக் கிடந்தாலும் இந்தக் கேள்விதான் கேப்பியா?”

குமாரசாமி பஞ்சுச் சுருளைக் கசக்கினான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“ஏய், என் கடை ஆளைப் போயி வா போன்னு பேசற?” என்று எழுந்துவிட்டார் தாண்டவராயன். “இதுக்குத்தான் சாந்தோம் ஆளு ஒருத்தனைக்கூட நான் வேலைக்கு வெச்சுக்கறதில்ல. பாலுக்குப் பூனைய எவனாவது காவல் வெப்பானா? போ, போ. கடைய விட்டு இறங்கு.”

“நல்ல ஆளாத்தான் வெச்சிருக்கீங்க” என்று அல்போன்சா குமாரசாமியை எரித்துவிடுகிறவள் போலப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிடுமோ என்ற பயத்தில் விருட்டென்று திரும்பிப் படியிறங்கினாள். காசையும் சீட்டையும் மேஜை மேலேயே விட்டுவிட்டாள்.

முதலாளிக்கு ஒரே சிரிப்பு. “சரியா கேட்டடா குமாரு. வேலைன்னா இப்படித்தான் பாக்கணும். அடுத்த மாசம் சம்பளம் ஏத்தித் தரேன். இருபத்திரண்டாம்ல! உனக்கும் அதே வயசுதானே? காத்தடிச்சா பறந்துடுவா போலக் கீது, அவளும் நீயும் ஒரே வயசா? ஆமா, நீ எப்போ பொறந்தே?”

குமாரசாமி பஞ்சுச் சுருளை வீசி எறிந்தான். அலமாரியைத் திறந்து ஒரு புட்டி ஸ்பிரிட்டை எடுத்துக்கொண்டான். மேஜை மேல் கிடந்த காசை முதலாளியின் பக்கம் தள்ளினான். பிறகு புறங்கையால் நெற்றியை அழுந்தத் துடைத்தான்.

“அவளுக்குப் பத்து நிமிஷம் கழிச்சு, முதலாளி” என்று சொல்லிவிட்டு, “அக்கா, நில்லு!” என்று கத்திக்கொண்டே தெருவில் இறங்கி ஓடினான் ஆம்ப்ரோஸ்.