நகத்தில் ஒரு கறுப்புப் பிறை

ஞானசுந்தரம் கூந்தலை மூன்றாகப் பிரித்ததும், இன்பமேரி வலது கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே பனி. காபிப் பழம் பறிக்கும் காலம். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் அவன்; ஏழு மணிக்கெல்லாம் தோட்டத்தில் நிற்க வேண்டும். ஆனாலும் அவன் அவசரப்படவில்லை.

கல்யாணமான பத்தாம் நாள், ஒண்டிக்கடை முக்கில் ஜீப் கதவை அறைந்து சாத்தியவன் அவன்தான். இடுக்கில் அவள் கட்டைவிரல்.

நகத்தின் அடியில் ரத்தம் கட்டிக் கறுத்துவிட்டது. அதுவரை மழையைப் பற்றி மட்டுமே பேசிய மனிதன், மறுநாள் காலையில் சீப்போடு அவள் பின்னால் வந்து நின்றான்.

"இது எப்பப் போவும்?"

பள்ளியில் தாவரவியல் எடுப்பவள் அவள். தெரிந்த விதத்தில் சொன்னாள். நகத்தின் வேரில், தோலுக்கடியில், ஒரு செல் இரண்டாகும். இரண்டு நான்காகும். புதியவை பழையதை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். கறுப்பு நுனிக்கு வர ஐந்தாறு மாதம்.

"ரெண்டாப் பிரிஞ்சா பாதி பாதியாத்தானே இருக்கும்?"

"இல்லீங்க. பிரியறதுக்கு முன்னாலயே உள்ள இருக்கறத அப்படியே இன்னொரு பிரதி எடுத்துக்கும். ரெண்டும் முழுசுதான்."

அவன் அவள் கூந்தலில் சீப்பை வைத்தான். "அப்ப அந்தக் கறுப்பு போற வரைக்கும் நானே பின்னி உடறேன்."

"ஏனுங்க டீச்சர், ஊட்டுக்காரரு பின்னுனதா? நான் மாட்டுக் கயிறுன்னு நெனச்சேன்" என்று அன்று பள்ளியில் மரியபுஷ்பம் டீச்சர் சிரித்தாள். இன்பமேரி அதை அவிழ்க்காமலே நாள் முழுக்கப் பாடம் நடத்தினாள்.

வலி ஒரு மாதத்தில் போய்விட்டது. அவள் சொல்லவில்லை.

கறுப்புப் பிறை மட்டும் வாரத்துக்கு ஒரு நூல் அளவு நகர்ந்தது. முகம் பார்க்காமல் பேசுவது அவனுக்கு எளிதாக இருந்தது. சின்ன வயதில் இறந்த தங்கையைப் பற்றி, கணக்கில் தோற்று அழுததைப் பற்றி, எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் சொன்னான்.

கறுப்பு போனால் அந்தப் பத்து நிமிடமும் போய்விடும்.

அது போய் மூன்று வாரமாகிறது. நகவெட்டியோடு போய்விட்டது.

அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில், வகுப்புக்குச் செல் பிரியும் படம் வரைய வாங்கிய கறுப்பு மையைத் தீக்குச்சியில் தொட்டு, நக நுனியில் ஒரு பிறை போட்டுக்கொள்கிறாள்.

நேற்றோடு மை தீர்ந்துவிட்டது.

"கறுப்பு இன்னும் இருக்குதா?" அவன் குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"இருக்குதுங்க" என்றாள். முந்தானைக்குள் விரல் இன்னும் சுருண்டது.

அவன் பின்னலின் நுனியை நிதானமாக முடிந்தான். "இருந்துட்டுப் போவுது."

மப்ளரைச் சுற்றிக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனான்.

காலிப் புட்டியைத் தூக்கி எறிந்துவிடலாமென்று அவள் மேஜை இழுப்பறையைத் திறந்தாள்.

காலிப் புட்டி இருந்த இடத்தில் ஒரு புதுப் புட்டி இருந்தது. கறுப்பு மை. அவன் ஆபீஸில் எழுதுவது நீலத்தில். அவள் நோட்டுத் திருத்துவது சிவப்பில்.

மூடியைத் தொட்டாள். அவள் கட்டைவிரலுக்கு வலிக்காதபடி, அது ஏற்கெனவே லேசாகத் திருகித் தளர்த்தி வைக்கப்பட்டிருந்தது.