எறும்புக்கடி

"எறும்பு கடிச்ச மாதிரிதான்டி இருக்கும். நான் பண்ணிக்கலையா?" என்று அக்கா சொன்னதை நம்பித்தான் ஆபரேஷனுக்குத் தலையாட்டினேன்.

எங்கள் இருவருக்கும் அம்மாவின் கால். கட்டைவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். எந்தச் செருப்பும் நுழையாது. அக்கா வெளியூரில் இருந்தபோதே சரிசெய்துகொண்டாள். அதிலிருந்து சாக்ஸைக் கழற்றுவதே இல்லை. தழும்பு தெரியுமாம்.

இப்போது என் கட்டைவிரல் மூட்டை எலும்போடு எலும்பாக ஒட்டி, ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறார்கள். வலியில் உயிர் போய் உயிர் வந்தது.

"இனிமே விரல் மடங்கவே மடங்காதாமே. நீ சொல்லவே இல்லையேக்கா?"

"மறந்துட்டேன்டி."

கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, துருவித் துருவிக் கேட்டாள். "ரொம்ப வலிக்குதா? தூக்கம் வருதா? எப்ப காலை ஊன விடுவாங்க?"

கூடப் பிறந்தவளின் அக்கறையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் வந்தார். என் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"என்னம்மா, தங்கச்சிக்கு எப்படி ஆகுதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்னீங்களே. உங்க காலுக்கு எப்ப வச்சுக்கலாம்?"

அக்கா சாக்ஸ் போட்ட கால்களை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் டாக்டர். இவ படற பாட்டைப் பார்த்ததே போதும்."