கடைசி வாய் நூடுல்ஸ்

புற்றுநோய் அபாயத்தைக் கணித்த பிறகே கடை இயந்திரம் பாக்கெட் உணவு தரும். ஞானதாஸ் தாத்தாவுக்கும் மனைவி எஸ்தருக்கும் பல வருடங்களாகச் சிவப்பு விளக்குதான். இன்று அவர் கை வைத்ததும் பச்சை எரிந்து, நூடுல்ஸ் வந்து விழுந்தது.

“எஸ்தர், பாத்தியா! கல்யாணமான புதுசுல, மாம்பலம் ரூம்ல, ஒரே பாக்கெட்டுக்கு எப்படி அடிச்சுக்கிட்டோம்!”

“கடைசி வாயை நீங்கதானே புடுங்கித் தின்னீங்க, அல்பம்!” என்று சிரித்தபடி எஸ்தரும் கை வைத்தாள்.

சிவப்பு. கீழே எழுத்து ஓடியது: ‘உங்களுக்கு இன்னும் நீண்ட ஆயுள் இருப்பதால் புற்றுநோய் அபாயம் உண்டு; தர முடியாது.’

அவள் சிரிப்பு நின்றது. அப்படியென்றால் அவருக்கு? அவரோ பாக்கெட்டையே ரசித்துக்கொண்டிருந்தார்.

வீடெல்லாம் அந்தப் பழைய மசாலா மணத்தது. எஸ்தர் கடைசி வாய்வரை அவருக்கே ஊட்டிவிட்டாள்.

“என்னடி, இன்னிக்குச் சண்டை போடலையா?” என்றார் அவர்.