ஏழாவது குழாய்

வாடை அடித்தது.

அவன் பாட்டிலை மூக்கிலிருந்து விலக்கினான். மறுபடி கொண்டுபோனான். சந்தேகமே இல்லை, பெட்ரோல்.

மூடிப்போன பெட்ரோல் பங்க்கில், நிலத்தடி நீரைச் சோதிக்க மண்ணில் இறக்கிய குழாய்களில் கடைசிக் குழாயின் நீர் இது. மண்ணுக்கடியில் இருந்த தொட்டிகளைத் தோண்டி எடுத்து நான்கு வருடமாகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏழு குழாய்களிலும் நீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது அவன் வேலை. மற்ற ஆறின் நீரிலும் ஒவ்வொன்றாகப் பெட்ரோல் கலந்துவிட்டது. ஏழாவது மட்டும் இதுவரை சுத்தம்.

அதைத் தாண்டினால் வேலி. வேலிக்கு அந்தப்பக்கம் வீடுகள், கிணறுகள்.

அப்போதுதான் தன் கையை முகர்ந்தான்.

கையிலும் அதே வாடை.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலையில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டபோது விரலில் வழிந்திருந்தது. நீர் எடுக்கப் போகும் நாளில் பெட்ரோல் பக்கமே போகக் கூடாது என்பது பாலபாடம். கையுறையும் கொண்டுவரவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், வெளியே சொல்ல முடியாது. போகட்டும். கையைக் கழுவிவிட்டு மறுபடி எடுத்தால் தீர்ந்தது.

தன் தப்பை நினைத்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் அந்த ஊரிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

வேலியோர வீட்டில் பேச்சித்தாய் கைப்பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். சோப்பு கேட்டான். பிள்ளையின் சோப்பையே கொடுத்தாள். வாளியிலிருந்த கிணற்று நீரை மொண்டு அவன் கையில் ஊற்றினாள்.

நுரைக்கத் தேய்த்துக் கழுவினான். முகர்ந்தான்.

இன்னொரு செம்பு கேட்டான். நகக்கண்ணெல்லாம் தேய்த்தான்.

மூன்றாவது செம்புக்கு, வாடை முன்னைவிடக் கூடியிருந்தது.

அவள் அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"அது போவாது சார். எங்க வீட்டுக்காரவுகளுக்கு ஒர்க்‌ஷாப்புல வேல. அந்தக் கையோடயே பிள்ளையத் தூக்குதாக. நானும் சோப்ப மாத்தி மாத்திப் பாத்துட்டேன், பிள்ள மேலயும் இதே வாடதான்."

வாளியில் மிச்சமிருந்ததை மொண்டு பிள்ளையின் தலையில் ஊற்றினாள்.

வேண்டாம் என்று சொல்ல அவன் வாயெடுப்பதற்குள், முகத்தில் வழிந்த நீரைப் பிள்ளை நாக்கை நீட்டிச் சப்பியது.