உப்புமா கிண்டிய கதாநாயகன்

"ஸ்ரீரங்கம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இப்படி ஒரு ஆம்பளை கிடைக்க மாட்டான்!"

மனைவி சோபாவில் விட்டிருந்த காதல் நாவலை ஒரே மூச்சில் படித்து முடித்த நவநீதன் பொருமினான். "பொண்டாட்டி எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி உப்புமா கிண்டி வைக்கிறானாம். யாரு நம்புவா?"

"கதைதானேங்க," என்றாள் இளவேனில், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல். வீட்டிலிருந்தே பார்க்கும் டைப்பிங் வேலையில் அவளுக்கு எப்போதும் அவசரம்தான்.

ஆனாலும் அந்தக் கதாநாயகன் நவநீதனை உறுத்திக்கொண்டே இருந்தான். அவனால் முடிவது நம்மால் முடியாதா என்ன? மறுநாள் விடிந்ததும் சத்தமில்லாமல் அடுப்படிக்குள் நுழைந்தான்.

உப்புமா அடிப்பிடித்தாலும் ருசியாகவே இருந்தது.

"உங்க கைப்பக்குவமே தனிங்க," என்று இளவேனில் சொன்னதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கறுத்த வாணலியையும் சிதறிய ரவையையும் அப்படியே போட்டுவிட்டு, விசிலடித்தபடி தில்லைநகர் ஆபீசுக்குக் கிளம்பினான்.

தெருமுனையில்தான் ஹெல்மெட் ஞாபகம் வந்தது. திரும்பி வந்தால், உள்ளே இளவேனில் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த நாவல்ல ஹீரோ சமைச்சதோட நிறுத்த மாட்டான் சார். வாணலியையும் அவனே தேய்ச்சு வைக்கிறான். போன நாவல்ல அதை எழுதாம விட்டுட்டேன்."

"வேண்டாம்மா," என்றார் பதிப்பாளர். "அப்படி ஒரு ஆம்பளையை வாசகர்கள் நம்பவே மாட்டாங்க."

"எங்க வீட்டு வாசகர் நம்பிடுவாரு சார். அந்தப் புனைபெயர்ல எழுதுறது நான்தான்னே அவருக்குத் தெரியாது. எழுதுறதே அவருக்காகத்தான்."

ஹெல்மெட் எடுக்க வந்த நவநீதன், சத்தமில்லாமல் அடுப்படிக்குள் நுழைந்து ஸ்க்ரப்பரை எடுத்தான்.