இரண்டாவது ஜாய்ஸ்டிக்

"எனக்கு ஒண்ணுதான் புரியல. இவ்வளவு பெரிய நாற்காலியை உங்கக்கா எதுக்கு உனக்கு விட்டுக்கொடுத்தாங்க?"

காரை ஓட்டிக்கொண்டே கணவன் கேட்டான். அவன் பல் டாக்டர். எங்கே வலிக்கிறது என்று தோண்டிப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது.

"பாசம்னு வெச்சுக்கோங்களேன்" என்றாள் மனைவி, கண்ணாடியில் முடியைச் சரிசெய்தபடி.

"பாசமா? ஹோட்டல்ல கடைசித் துண்டு கேக்கைக்கூட அவங்க உனக்கு விட்டதில்ல."

அவன் கேட்டதில் தப்பில்லை. அப்பா தொடங்கிய வீடியோ கேம் கம்பெனி அது. ஊர் உலகத்துப் பிள்ளைகள் படிப்பைக் கோட்டை விடுவதே அதனால்தான் என்று பெற்றோர்கள் கரித்துக்கொட்டும் அளவுக்குப் பெரியது. அப்பாவுக்குப் பிறகு தலைவர் பதவி அக்காவுக்குத்தான் என்று வாட்ச்மேன்கூட முடிவுகட்டியிருந்தார். நேற்று போர்டு கூட்டத்தில் அக்காவே எழுந்து, "எனக்கு வேண்டாம், தங்கச்சி வரட்டும்" என்றுவிட்டாள்.

ஒரே நிபந்தனைதான். அக்கா ஆலோசகராக இருப்பாள். அவள் கையெழுத்து இல்லாமல் எந்த கேமும் வெளியே போகக்கூடாது. ஆலோசகர் போர்டில் இருக்கக்கூடாது என்று கம்பெனி விதி ஒன்று உண்டு. அதனால் கையோடு போர்டிலிருந்தும் விலகிக்கொண்டாள்.

"கடைசியா வந்த ரெண்டு கேமும் ஊத்திக்கிச்சு. பேப்பர்காரன் தலைவரைத்தான் கிழிக்கிறான்" என்றான் கணவன். "இனிமே முடிவு எடுக்கிறது அவங்க, திட்டு வாங்குறது நீ. இது தெரிஞ்சுமா தலையாட்டின?"

"சின்ன வயசுலேர்ந்தே அக்கா என்னை ஆட்டத்துல சேர்த்துக்குவா. என்னை விட்டுட்டு ஆடினதே இல்ல."

இவ்வளவு வெகுளியை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன ஆகப்போகிறதோ என்று அவனுக்குக் கவலையாகிவிட்டது.

போர்டு கூட்டம் முடிந்து தங்கை தலைவர் அறைக்கு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், கதவைத் தட்டாமலே அக்கா உள்ளே வந்தாள். மூலையில் அப்பாவின் பழைய டிவியும், அவர் முதன்முதலில் செய்த வீடியோ கேம் பெட்டியும் மேசைமேல் இருந்தன.

"நாற்காலி உனக்கு நல்லாத்தான் இருக்கு. பயப்படாத குட்டி. நீ சும்மா உட்கார்ந்திரு, மீதியை நான் பாத்துக்கறேன்."

"சரிக்கா. முதல் நாள், அப்பாவோட கேம்ல ஒரு ஆட்டம் போடலாமா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னும் அந்தப் பைத்தியம் போகலையா உனக்கு? அப்பல்லாம் ஆடணும்னு அழுது ஊரைக் கூட்டுவ. கையில ஒரு ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்துட்டா நாள் பூரா சத்தமே வராது."

"'நீதான்டி ஜெயிச்ச'ன்னு சொல்வ. நான் பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிட்டு வருவேன்."

"ஆமாமா" என்று அக்கா இன்னும் சிரித்தாள்.

தங்கை ஒரு ஜாய்ஸ்டிக்கை அவளிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். ஆட்டம் தொடங்கியது. தங்கையின் பொம்மை பள்ளத்தைத் தாண்டி ஓடியது. அக்காவின் பொம்மை நின்ற இடத்திலேயே நின்றது. அக்கா பட்டனை அமுக்கினாள், குச்சியை ஆட்டினாள், கடைசியில் ஜாய்ஸ்டிக்கையே உள்ளங்கையில் தட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, ரிப்பேரா?"

"ஒயரை இழுத்துப் பாருக்கா."

இழுத்தாள். மேசைக்கு அடியிலிருந்து ஒயர் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அது எதிலும் சொருகியிருக்கவில்லை.

அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு காணாமல் போனது.

"ஏழு வயசுல நானும் இப்படித்தான் இழுத்துப் பார்த்தேன்" என்றாள் தங்கை, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னிக்கு ரொம்ப அழுதேன். ஆனா உன்கிட்ட கேக்கல. கேட்டா அதையும் பிடுங்கிடுவியோன்னு பயம்."

"அது ஏதோ விளையாட்டு. இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"காலையில போர்டுல முதல் தீர்மானம் போட்டாச்சு. இனிமே எதுக்குமே ஆலோசகர் கையெழுத்து தேவையில்ல. நீ கவலைப்படாதக்கா, உனக்கு ரூம் உண்டு, நாற்காலி உண்டு" என்றாள் தங்கை. "உன்னையும் ஆட்டத்துல சேர்த்துக்கிட்டேன்."